அளந்து கொடுத்த தண்ணீர்

பண்டத்தரிப்புக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"நாலு வருசமா என்ரை மனுசனுக்கு நான் தண்ணி குடுக்காமல் வைச்சிருந்தனான்."

"ஏனக்கா?"

"ரெண்டு கிட்னியும் பழுது. நாளுக்கு அரை லீற்றருக்கு மேலை குடுக்கக்கூடாதெண்டு டொக்டர்மார் சொன்னவை. குடத்தை ஒளிச்சு வைப்பன். வெய்யிலுக்கை கெஞ்சுவார்."

"பிறகு?"

"போன மாசி என்ரை கிட்னி ஒண்டை எடுத்து அவருக்கு வைச்சவை. அதுக்குள்ளை இரத்தம் நல்லாப் பாய வேணுமாம். பிறஷர் விழக்கூடாதெண்டு ஒப்பரேசன் மேசையிலை லீற்றர் கணக்கிலை சேலைன் ஏத்தினவையாம். வெளிறிக் கிடந்த கிட்னி, இரத்தம் பாய்ஞ்ச உடனை சிவந்து மூத்திரம் விட்டதாம். கேட்டிட்டு அழுதனான். நான் மிடறு மிடறா அளந்த தண்ணியெல்லே."

"இப்ப குடிக்கலாமோ?"

"மூண்டு லீற்றர் குடிச்சே ஆக வேணும். ஆனால் பழைய பழக்கம் விடேல்லை. அங்கை பாருங்கோ."

எதிர்ப்பக்க இருக்கையில் ஒரு மனிதர் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். உடனே மூடிவிட்டு, களவில் பிடிபட்டவர்போல அவளைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, வடிவாக் குடியுங்கோ," என்றாள் அவள். "உள்ளுக்கை காயுறது என்ரை கிட்னியெல்லே."