ஹார்ட் டிஸ்க்கில் பட்ட சந்தனம்

கம்ப்யூட்டரைத் திறப்பது குக்கரைத் திறப்பதைவிடச் சுலபம். ஆவி அடங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கவாட்டுத் தகட்டில் இரண்டு திருகைக் கழற்றினால் போதும். ஆனால் புதுப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் அப்போது இதை யாரும் நம்பத் தயாராக இல்லை. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட, வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், "சுப்புராமனைக் கூப்பிடு" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

நீ உட்கார், காயத்ரி. நீ கேட்டது ஒன்றே ஒன்று. போன வாரம் மார்க்கெட்டில் சகுந்தலா உன்னைப் பார்த்து, கூட வந்தவர்களிடம், "எங்க கம்ப்யூட்டர்ல தண்ணிய விட்டாளே கன்னியம்மா, அவ பொண்ணு" என்று சொன்னார்களாம். நான் அவர்கள் வீட்டுக்கு வந்து, கெடுத்தது உன் அம்மா இல்லை என்று சொல்ல வேண்டும். நியாயமான கோரிக்கைதான். அதற்கு முன் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

சதாசிவம் என் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். இரண்டாம் மாடியில் வீடு. சகுந்தலா அவர் மனைவி. அவருடைய பெண் சுஷ்மிதா மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள், பள்ளிக்கூடம் போகிற வயசில். அது நன்றாகப் பாடும். கம்ப்யூட்டர் மைக்கில் அது பாடிய பாட்டுகள், போட்டோக்கள், அப்பாவைக் கிண்டல் பண்ணிப் பேசியது எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. வேறு எங்கேயும் இல்லை. அந்த டிஸ்க்குக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று சதாசிவத்துக்குப் பயம். இரண்டாவதாக இன்னொன்று போட்டு, எல்லாவற்றையும் அதிலும் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொன்னார். ரிச்சி தெருவுக்கு அவரே போய், பழையதைப் போலவே, அதே கம்பெனி அதே அளவில் ஒன்று வாங்கி வந்தார். ஜோடியாக இருக்கட்டும் என்று ஆசை.

2003 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாட்டினேன். இரண்டு டிஸ்க்கும் ஒரே அச்சு. திரையில் பார்த்தால் எது பழசு எது புதுசு என்று எழுதியிருக்காது. பின்னால் இருக்கும் சின்ன ஜம்பரை எங்கே செருகினோம், பட்டைக் கேபிளில் எதை எந்த முனையில் மாட்டினோம் என்பதை நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். பழசைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுசை மட்டும் முதலில் ஃபார்மட் செய்வதுதான் முறை. யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லித்தருவேன். அன்றைக்குச் சகுந்தலா கேசரி கொண்டு வந்து வைத்து, எதிரே உட்கார்ந்து, "உங்களை மாதிரி ஆள் பக்கத்துல இருக்கறது எங்க பாக்கியம்" என்றார்கள். நான் பழசைக் கழற்றாமலே, ஒரு கையால் கேசரி சாப்பிட்டுக்கொண்டு மறுகையால் ஃபார்மட் கட்டளையைத் தட்டினேன். பழசு அழிந்துவிட்டது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். எதிரே அவர்கள் முகம் இருந்தது. "மாட்டியாச்சு, காப்பி அப்புறம் எடுத்துக்கலாம், நாளைக்குப் பூஜை. பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாது, விஜயதசமிக்குப் புதுசா ஆன் பண்ணுங்க" என்றேன். நல்ல யோசனை என்று சதாசிவம் சந்தோஷப்பட்டார். அப்படி எனக்கு இடையில் ஒரு நாள் கிடைத்தது. அந்த ஒரு நாளில் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன்.

தோன்றவில்லை. விஜயதசமியன்று காலையில் கூப்பிட்டார்கள், ஒன்றுமே இல்லை என்று. போனேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, மேலே கதம்பம் போட்டிருந்தார்கள். தகடு பளபளவென்று இருந்தது. யார் துடைத்தது என்று கேட்டேன். வேறு எதுவும் நினைத்துக் கேட்கவில்லை, சும்மா வாயில் வந்தது. சகுந்தலா, "கன்னியம்மாதான், நான்தான் துடைக்கச் சொன்னேன்" என்றார்கள். உன் அம்மா அப்போது சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது.

சதாசிவம் டார்ச் எடுக்க உள்ளே போனார். நான் தகட்டைக் கழற்றினேன். பூஜைத் தட்டில் கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. விரலில் கொஞ்சம் எடுத்து, பழைய டிஸ்க்கின் அடிப்பக்கம், பச்சைச் சர்க்யூட் பலகைமேல் ஒரு இழுப்பு இழுத்தேன், ஈரம் வழிந்த தடம் மாதிரி. அவ்வளவுதான். சதாசிவம் வந்து டார்ச் அடித்தபோது நான் எதுவும் சொல்லவே இல்லை. அவரேதான், "ஐயையோ, ஈரம் உள்ள இறங்கிடுச்சா" என்றார். நான், "அப்படித்தான் தெரியுது" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் முதலில் பொய்யை உச்சரித்தவன் நான் இல்லை என்பதையும் நீ கவனிக்க வேண்டும்.

சகுந்தலா உன் அம்மாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என் குழந்தை குரலை அழிச்சுட்டியேடி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உன் அம்மா கை ஈரத்தோடு அப்படியே நின்றாள். அன்றோடு அந்த வீட்டில் வேலை போயிற்று. அந்த மாதமே மற்ற வீடுகளிலும் வேண்டாம் என்றார்கள். டிவி இருக்கும், ஃப்ரிட்ஜ் இருக்கும், யார் துணிவார்கள்.

ஒருநாள் என்னைப் பார்க்க வந்தாள். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, உள்ளே வராமல் நின்றபடியே பேசினாள்.

"சார், தொணிய நல்லா புழிஞ்சிக்கினுதான் தொட்ச்சேன். பின்னாடி கையே வெக்கல. சந்தனம்கூட அந்தம்மாதான் வெச்சாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவங்க கேப்பாங்க சார்."

பார்க்கலாம் கன்னியம்மா என்றேன். காபி சாப்பிடுகிறாயா என்றுகூடக் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது தேறுகிறதா பார்க்கிறேன் என்று அந்த டிஸ்க்கை நான் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். அவசரமாக ஃபார்மட் செய்த டிஸ்க்கில் எதுவும் நிஜமாக அழிவதில்லை. மீட்பதற்கு ஒரு சிடி கிடைத்தது. போட்டேன். ஒரே மாலையில் எல்லாம் வந்துவிட்டது. போட்டோ, பாட்டு, ஒன்று குறையவில்லை. சுஷ்மிதா பாடியதை இந்த அறையில்தான், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். உன் அம்மா என் வாசலில் வந்து நின்றபோது அது என் அலமாரியில் இருந்தது.

உடனே ஏன் கொடுக்கவில்லை என்று நீ கேட்பாய். கொடுத்தால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். நன்றாக இருந்தால் ஈரம் இறங்கவில்லை. ஈரம் இறங்கவில்லை என்றால் வேறு என்ன நடந்தது என்ற கேள்வி வரும். கொஞ்சம் ஆறட்டும், பிறகு பக்குவமாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அது ஒரு வருஷத்துக்கு மேல் ஆறிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நாளும் வாரத்தில் ஒருமுறையாவது படிக்கட்டில் சகுந்தலாவைப் பார்ப்பேன். ஏதாவது தேறுச்சா என்று கேட்பார்கள். முயற்சி பண்றேன் என்பேன்.

உன் அம்மா சதுரங்கப்பட்டினம் கரைக்கே திரும்பி, படகு வந்ததும் மீன் எடுத்துக் கூடையில் விற்கப் போனாள். பிள்ளைகளுக்கு மீன் நாற்றம் வேண்டாம் என்றுதான் வீட்டு வேலைக்கு வந்தவள், நீ அறிந்ததுதான். 2004 டிசம்பர் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலையில் சதாசிவம் வீட்டில் இட்லிக்கு அரைக்கிற வேலை உன் அம்மாவுடையதாக இருந்தது. அந்த நேரத்தில் அவள் இரண்டாம் மாடியில் இருந்திருப்பாள். கடல் குடியிருப்புக்குள்ளும் வந்தது, கீழ்வீடுகளை அடித்துக்கொண்டு போனது. இரண்டாம் மாடியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மா மணலில் இருந்தாள்.

அது கடல் செய்தது. நான் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் உன் அப்பா எல்லப்பன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, நான் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போனேன். வெட்கம் என்று சொன்னால் போதாது.

பொங்கல் கழிந்து, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கிறது என்றேன். உன் அம்மா இல்லை என்ற பிறகு கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. கேட்க ஆளில்லை. சுஷ்மிதா குரல் வந்ததும் சகுந்தலா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பாயசம் வைத்துச் சாப்பாடு போட்டார்கள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை ஊற்றியபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதுதான் நடந்தது. உன் அம்மா எதையும் கெடுக்கவில்லை. டிஸ்க்கை அழித்தவன் நான், சந்தனத்தைப் பூசியவன் நான், மீட்டதை வைத்துக்கொண்டே அவளைத் திருப்பி அனுப்பியவனும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், எனக்கும் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது.

இப்போதே அவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டாய். கொஞ்சம் யோசித்துப் பார் அம்மா. சதாசிவத்துக்குப் போன மாதம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இந்த வயசில், நம்பின ஒரே மனுஷனைப் பற்றி இப்படி ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் தாங்குவாரா? உன் அம்மாவே இருந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், யாரும் நோகப் பொறுக்காதவள். உனக்கு உண்மை தெரிந்துவிட்டது. இது நம்மோடு இருக்கட்டும். சகுந்தலாவும் மனசில் எதையும் வைத்துக்கொண்டிருக்கவில்லை, என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் உன் அம்மாவை எப்போதோ மன்னித்துவிட்டார்கள் காயத்ரி.