பாக்காம எழுதின ரிப்போர்ட்

நாப்பத்தி மூணு இடம் சார். நாப்பத்தி மூணையும் நேர்ல போய்ப் பாக்கணுமாம். லேத் பட்டறை ஊருக்கு அந்தக் கோடி, பல் ஆஸ்பத்திரி இந்தக் கோடி, நடுவுல என் முழங்கால்... கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கால நீட்டிக்கிறேன். ஆங், போதும்.

என்ன வேலைன்னுதானே பாக்குறீங்க? பாலிடெக்னிக்ல இருக்கேன். பாடம் நடத்துற வேலை இல்ல. கடைசி வருஷப் பசங்கள ஆறு மாசம் கம்பெனி, பட்டறைன்னு அனுப்புவோம்ல, வேலை செஞ்சே கத்துக்கட்டும்னு. அதுக்கு இடம் பிடிக்கணும். ரெண்டு தடவ நேர்ல போய், ஒழுங்கா கத்துக்குதுங்களான்னு பாத்து ரிப்போர்ட் எழுதணும். பத்தொம்பது வருஷமா இதான் பொழப்பு. எங்களுக்குன்னு சங்கம்கூட இருக்கு. சும்மா சங்கம் இல்ல சார், நடத்தை விதின்னு பதினெட்டு எழுதி, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு. சொந்தக்காரன் கம்பெனிக்குப் பசங்கள அனுப்பாதே, முதலாளி குடுக்குற பரிச வாங்காதே... அதெல்லாம் சரி. பதினெட்டாவதுதான் வயித்தெரிச்சல். 'பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுதக் கூடாது.' படிச்சவங்களப் பாத்துச் சொல்ற வார்த்தையா இது? எந்தப் புண்ணியவான் எழுதினானோ... சரி, நான்தான் எழுதினேன். அந்தக் கமிட்டியில நானும் இருந்தேன். சாப்பாட்டு நேரம் ஆச்சு, இன்னும் ஒரு விதி குறையுதுன்னாங்க. வாயில வந்ததச் சொன்னேன்.

போன வருஷம் ஒரு பொண்ண, லிஃப்ட் ரிப்பேர் பண்ற கம்பெனிக்கு அனுப்பினேன். சூட்டிகையான பொண்ணு. போய்ப் பாத்திருக்கணும். முதல் தடவ மழை. அடுத்த தடவ முழங்கால். முதலாளிக்கு ஃபோனப் போட்டேன், 'தங்கமான பொண்ணு சார்'னான். போதாதா? முந்தின வருஷம் ஒரு பையனுக்கு எழுதினத எடுத்து, பேர மட்டும் மாத்தினேன். 'கருவிகளைக் கவனமாகக் கையாள்கிறார்.' நல்ல வாக்கியம்தானே?

அவ கையாண்ட கருவி எது தெரியுமா சார்? டெலிபோன். நாலு மாசம் வரவேற்புல உக்கார வச்சிருக்கான் அந்த ஆளு. மிச்ச ரெண்டு மாசம் டீ போட்டிருக்கா. ஸ்க்ரூடிரைவரக் கண்ணுலயே காட்டல.

பரீட்சைக்கு வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்தாரு. லிஃப்டோட கன்ட்ரோல் பெட்டியத் திறந்து, 'இந்த ரிலேயக் கழட்டும்மா'ன்னார். அவ பெட்டியப் பாக்குறா, என்னப் பாக்குறா. நான் ஜன்னலப் பாக்குறேன். அவளோட பயிற்சி டைரியப் புரட்டினாரு. தேதி போட்டு எழுதியிருக்கா சார். 'இன்று சார் வந்தார். நான் வேலை செய்வதைப் பார்த்தார். நன்றாகச் செய்வதாகச் சொன்னார்.'

வெளிய வந்து, 'ஏம்மா இப்படி எழுதின?'ன்னேன்.

'நீங்க வரலன்னு எழுதினா உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தேன் சார். முழங்கால் வலின்னு சொன்னீங்கல்ல'ன்னா.

திட்டியிருந்தாகூட வாங்கிக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்த வாரம் சங்கத்துக்குப் புகார் போயிடுச்சு. என் பேரு, கம்பெனி, தேதி, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சு ரெண்டு பக்கம். விசாரணைன்னு கூப்பிட்டாங்க. தலைவியம்மா எனக்குப் பழைய பழக்கம், ஹோட்டல் பயிற்சி பாக்குறவங்க. கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, 'உங்க மேல உங்களுக்கே ஏங்க இவ்வளவு கோபம்?'னாங்க.

ஆமா சார், அந்தப் புகார எழுதினது நான்தான். வேற யாருக்குத் தெரியும்? தபால்ல சேத்தது மட்டும் வீட்டுக்காரி. என்கிட்ட விட்டா பையிலயே கிடக்கும்னு அவளுக்குத் தெரியும்.

முடிவு என்னன்னா, எனக்கு ஒரு வருஷம் கமிட்டியில இடமில்ல. நாப்பத்தி மூணு இடத்துக்கும் நேர்ல போகணும். அந்த லிஃப்ட்காரனுக்கு இனிமே பசங்க கிடையாது. பொண்ணுக்கு வேற கம்பெனியில மறுபடி ஆறு மாசம். அவளுக்கு அரை வருஷம் போச்சு சார், என்னால. அதத் திருப்பிக் குடுக்க எந்த விதியும் இல்ல.

இதுல இன்னொரு கூத்து. நாங்க பசங்களப் பத்தி எழுதுற மாதிரி, இனிமே பசங்களும் எங்களப் பத்தி எழுதுவாங்களாம். போன வாரம் அவளப் பாக்கப் போனேன். கையெல்லாம் கிரீஸ். ரிலேயக் கழட்டி மாட்டிக் காட்டினா. அப்புறம் என்ன எழுதியிருக்கான்னு பாருங்க, ஃபோன்லயே வச்சிருக்கேன். 'சார் வந்தார். இரண்டு மணி நேரம் இருந்தார். நிறையப் பேசினார். வேலை தாமதமானது.'

சங்கத்துல படிச்சுப் படிச்சுச் சிரிக்கிறாங்களாம். சிரிக்கட்டும். ஒரு வார்த்த பொய் இல்ல சார் அதுல. வீட்டுக்காரிகிட்டகூட காட்டினேன்...

என்ன சார், எழுந்துட்டீங்க? பஸ்சு சிக்னல்லதான் நிக்குது. இங்க ஸ்டாப்பே இல்லையே சார்.