ஒரு குழி தள்ளி

விடிவதற்கு வெகுநேரம் முன்பு. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு மலைப்பாதை... ஈ காக்கை கிடையாது. லாந்தரோடு ஒருவர் தனியே ஏறிப் போகிறார். என் மைத்துனருடைய சித்தப்பா நமசிவாயம். ரப்பர் தோட்டத்தில் கங்காணி. இன்னும் நெருங்கி உட்காருங்கள், சாரல் அடிக்கிறது.

அவர் மனசு வீட்டில் கிடந்தது. வெகுகாலம் ஏங்கிப் பிறந்த பிள்ளை, ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்று நாளாகத் தாய்ப்பாலைத் தொடவில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

பல வருஷத்துக்கு முன்பு அந்தத் தோட்டத்தைப் போட்டதே அவர்தான். முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு குழி... நெருக்க நடவு. குழி வெட்ட வந்த மாடத்தி அன்றைக்கு அவர் காலில் விழுந்தாள்.

"அண்ணாச்சி, இந்த எடத்துலதான் எம் புள்ளையப் பொதச்சிருக்கேன். ஒரே ஒரு குழியத் தள்ளிப் போடுங்க."

"கோடு கோணிரும்ட்டீ. தொர ஏசுவாரு."

அங்கேயே கன்றை நட்டார். மாடத்தி மலையை விட்டு இறங்கினவள்தான், திரும்பவில்லை.

நெருக்கி நட்ட ரப்பர் வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டு நெடுநெடுவென்று போகும். தூர் பெருக்காது, பட்டையும் மெலிசு. அங்கே எல்லாம் அப்படித்தான். அந்த ஒன்று மட்டும்... வெட்டவெளியில் தனியாக வளர்ந்தது மாதிரி பருத்து, தாழக் கிளை விட்டு நின்றது. பக்கத்து மரங்கள் அதை விட்டு விலகிச் சாய்ந்திருந்தன.

பால் வெட்டும் ஆட்கள் அதைத் தொட மாட்டார்கள். லாந்தரோடு போன அந்த விடிகாலையில் கங்காணியே கத்தியை வைத்தார். சொட்டவில்லை... ஓடியது. கீழே கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டை நிறைந்தது. அடுத்த மரத்துக்கு லாந்தரைத் திருப்பினார்.

பின்னால்... ச்சப். ச்சப். ச்சப்.

பச்சைப்பிள்ளை வாசம். திரும்பினால் சிரட்டை காலி. நக்கித் துடைத்த மாதிரி.

லாந்தரைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினார். வாசலில் மனைவி முத்துவடிவு, முகமெல்லாம் சிரிப்பு.

"சத்தம் போடாதீய. இப்பதான் வயிறு நெறஞ்சு தூங்குதான்."

"பால் குடிச்சானாட்டீ?"

"எங்கிட்டக் குடிக்கல்ல... நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாக்கேன், வயிறு கும்முன்னு இருக்கு."

தொட்டிலில் குனிந்தார். பிள்ளையின் கடைவாயில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. துடைத்தார்... போகவில்லை. நுனியைப் பிடித்து இழுத்தார்.

நீண்டுகொண்டே வந்தது.