வலது கையில் பட்டை

நாறும்பூநாதன்: ...அந்தப் போட்டோவை வச்சுத்தான் ஆகணுமா தாயீ?

ஸ்வாதி: வைக்காம எப்படிய்யா? எழுபத்தொண்ணு பாகிஸ்தான் யுத்தத்துல சிவில் டிபன்ஸ் வார்டனா இருந்தவர்னு தென்காசியில நீங்க ஒருத்தர்தான் கெடச்சிருக்கிய. குத்தாலத்துல நாங்க வைக்கிற கண்காட்சிக்கு இந்தப் படம்தான் முகப்பு.

பொன்செல்வி: வைக்கட்டுமே. பொண்ணு பாக்க வாறதுக்கு முன்னால எங்க வீட்டுக்கு வந்த படம்லா அது. பார்த்ததுமே எங்கப்பா, 'மாப்ளை தைரியசாலி'ன்னுட்டாரு.

நாறும்பூநாதன்: நீ செத்த சும்மா இரு.

ஸ்வாதி: ஒரே ஒரு சந்தேகம்யா. எங்கிட்ட அந்தக் காலத்து விதிமுறை நோட்டு ஒண்ணு இருக்கு. வார்டன் பட்டையை இடது கையில, முழங்கைக்கு மேல கட்டணும்னு போட்டிருக்கு. நீங்க வலது கையில கட்டியிருக்கிய...

நாறும்பூநாதன்: அது... ஸ்டுடியோக்காரன் படத்தைத் திருப்பிப் போட்டிருப்பான்.

ஸ்வாதி: பட்டையில எழுத்து நேராத்தான இருக்கு?

பொன்செல்வி: சட்டைப் பையும் இடப்பக்கம்தான் இருக்கு.

நாறும்பூநாதன்: ஏட்டி, நீ யாரு பக்கம்?

ஸ்வாதி: சட்டைக் கையையும் சுருட்டி விட்டிருக்கிய. அதுவும் கூடாதாம். பரவால்லய்யா... பட்டையில நம்பர் தெரியுது. பழைய பதிவேட்டுல தேடி உங்க பேரை எடுத்துருவேன்.

நாறும்பூநாதன்: தேடாத தாயீ.

ஸ்வாதி: ஏன்யா?

நாறும்பூநாதன்: எம்பேரு இருக்காது... அந்தப் பட்டை என்னுது இல்ல.

ஸ்வாதி: அப்ப யாரோடது?

நாறும்பூநாதன்: சுடலையாண்டின்னு ஒருத்தன். மெட்ராஸ்ல பலசரக்குக் கடையில என்கூட வேலை பார்த்தவன். அபாயச் சங்கு ஊதுனா போதும், பட்டையைக் கட்டிக்கிட்டு, 'வெளக்கை அணை, வெளக்கை அணை'ன்னு தெருத்தெருவாப் போவான்.

ஸ்வாதி: நீங்க?

நாறும்பூநாதன்: நான்... அரிசி மூட்டைக்கு நடுவுல படுத்துக் கெடப்பேன். அவ்வளவு பயம். சண்டை முடிஞ்சதும் பட்டையைத் திருப்பிக் கொடுக்கணும்னாங்க. அவன் கொடுக்கப் போற அன்னைக்கு ஒரு மணி நேரம் இரவல் வாங்கிப் படம் எடுத்துக்கிட்டேன். கேட்டவங்ககிட்ட நான்தான் வார்டன்னு சொல்லப்போயி... அதுவே நெலைச்சுட்டு. பொன்செல்வி, திட்டவாவது செய்யி.

பொன்செல்வி: என்னத்தத் திட்ட? படம் வந்த அன்னைக்கே தெரியும்.

நாறும்பூநாதன்: என்னது?

பொன்செல்வி: பார்த்ததும் சிரிப்புத் தாங்கல. மாப்ளையைப் பிடிச்சுப்போச்சுன்னு எங்கம்மா நெனச்சுக்கிட்டா.

நாறும்பூநாதன்: அடிப்பாவி! அம்பத்திரண்டு வருசமாவா என்னைப் பேச விட்டே? குண்டு போட்டா என்ன செய்யணும்னு பேரப்பிள்ளைகளுக்குப் பாடம்லாம் எடுத்தேனே!

பொன்செல்வி: எப்படிப் படுக்கணும்னு சரியாத்தான் சொன்னிய. அது பழகுன வேலைல்லா.

ஸ்வாதி: அம்மா, பொய்னு தெரிஞ்சுமா நீங்க சம்மதிச்சிய?

பொன்செல்வி: இன்னும் மூணு படம் வந்துச்சும்மா. மூணு பேரும் மொறைச்சுக்கிட்டு நின்னாங்க. இவுக மூஞ்சில மட்டும், 'ஐயோ, யாராவது கண்டுபிடிச்சிருவாங்களோ'ன்னு ஒரு பயம். பொய் சொல்ல இப்படிப் பயப்படுத ஆளு பொண்டாட்டியை அடிக்க மாட்டாருன்னு தோணுச்சு. அடிக்கவும் இல்ல.

நாறும்பூநாதன்: அப்பாடா... நெஞ்சுல கெடந்த கல்லுல்லா எறங்கிட்டு! நீ சிரிப்பேன்னு தெரிஞ்சிருந்தா என்னைக்கோ சொல்லியிருப்பேனே. ஆமா... ஒண்ணு கேக்கேன். இந்தப் பிள்ளைக்கு நோட்டைப் பார்த்துத் தெரியும். இருபது வயசுப் பொண்ணு, உனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது, பட்டை எந்தக் கையிலன்னு?

பொன்செல்வி: நானும் கட்டியிருந்தேன்லா... மெட்ராஸ் வண்ணாரப்பேட்டையில ரெண்டு தெருவு எம் பொறுப்பு. இருட்டுல விசில் ஊதிக்கிட்டுத் திரிஞ்ச பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்னு அப்பா என் வாயை அடைச்சுட்டாரு. ஸ்வாதி, படத்தைக் கொண்டுபோயி வையி. அடியில இப்படி எழுது... 'பட்டை தப்பான கையில் இருக்கிறது. கண்டுபிடித்தவர், வார்டன் பொன்செல்வி.'