சிவமணி ஏன் எழும்பவில்லை

யாழ்ப்பாணத்தில் பிறந்து, முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடத் தெரியாத ஆண்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. உங்கள் கணவர் சிவமணியும் நன்றாக விளையாடுவார். அவரிடம் ஒரே குறை, கூட்டாளியை அளவுக்கு மேல் நம்புவது.

ரஞ்சினி, உங்கள் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அவர் சூதாடுற ஆளில்லை அண்ணை. அந்த இடத்திலை இருந்து ஏன் எழும்பி வரேல்லை?" பொலிசாரும் இதையே கேட்டார்கள். பேராசை என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். உங்களுக்கு அது போதவில்லை. நியாயம்தான்.

எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் என் அத்தானைக் கொழும்பில் வெட்டிப்போட்டார்கள். அக்கா நாகேஸ்வரியும் மூன்று பெண்பிள்ளைகளும் அகதி முகாமில் கிடந்து, கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் ஒருவழியாக ஆஸ்திரேலிய விசா கிடைத்தது. வைகாசி முடிவதற்குள் வந்து இறங்காவிட்டால் அது செல்லாது. நாலு பேருக்கும் விமான டிக்கெட் இரண்டாயிரத்து நானூறு டொலர். என்னிடம் இருந்தது எழுநூறு. சிட்னியில் கேட்கக்கூடிய எல்லோரிடமும் கேட்டேன், கேட்கக்கூடாதவர்களிடமும் கேட்டேன். அந்த நேரம் பார்த்து மூத்த மருமகள் எழுதினாள்: "மாமா, நாங்கள் சூட்கேஸ் எல்லாம் கட்டிட்டம்." அதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலில் நின்றபடி அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி எனக்குத் தன் கைக்குட்டையைத் தந்தாள்.

நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் கணக்காளன். எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று அட்டவணை போடுவது என் வேலை. அங்கே வரும் சஞ்சிகை ஒன்றில்தான் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தைப் பற்றி வாசித்தேன். கையில் வரும் கடதாசிகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல், சூதாட்ட வீட்டுக்காரரின் தொகையை விடக் கூடுதலாக இருந்தால் வெற்றி. சின்னக் கடதாசிகள் வெளியே போகப் போக, மிஞ்சியிருப்பவை பெரியவை. அது நமக்கு நல்லது. ஆகவே இரண்டு முதல் ஆறு வரை எது விழுந்தாலும் ஒன்றைக் கூட்டவேண்டும். பத்து, படக் கடதாசி, ஆஸ் விழுந்தால் ஒன்றைக் கழிக்கவேண்டும். தொகை கூட்டலில் ஏறினால் பெரிதாகப் பந்தயம் கட்டலாம். கழித்தலில் இறங்கினால் ஒரு டொலர்கூட வைக்கக்கூடாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்நூற்றிநாலுக்கு நாங்கள் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றைப் பிரித்துப் பெட்டியிலேயே விட்டுவிடுவோம். நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கியவற்றில்தான் இவ்வளவு விஷயம் இருந்திருக்கிறது.

நானும் சிவமணியும் சேர்ந்து இருந்த வென்ட்வேர்த்வில் வீட்டின் குசினி மேசையில் மூன்று வாரம் பழகினேன். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து சிவமணி கடதாசி போடுவார், நான் எண்ணுவேன். உங்களைக் கூப்பிடச் சேர்த்திருந்த தொளாயிரம் டொலரை முதலாகத் தந்ததும் அவர்தான். அவராகவே தந்தார். நான் இரண்டு முறைதான் கேட்டேன்.

எண்ணுகிறவனே பந்தயத்தை ஏற்றி இறக்கினால் அகப்பட்டுவிடுவான். அதனால் நான் மேசையின் ஒரு முனையில் இருந்து சில்லறையாக விளையாடி எண்ணுவது, அவர் மறுமுனையில் இருந்து என்னைப் பார்த்துப் பணம் வைப்பது என்று பேசிக்கொண்டோம். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் பெரிதாக வைக்கவேண்டும்.

"பிழைச்சால் என்ன மச்சான் செய்யிறது?" என்று கேட்டார்.

"கைமணிக்கூட்டுக்குச் சாவி குடுப்பன். கண்டவுடனை எழும்பி வா."

"ஓம், அது காணும்" என்றார்.

நகரத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் சட்டத்துக்குத் தெரியாமல் நடந்த சூதாட்ட வீடு அது. சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் போனோம். அங்கே பிழைவிட்டவர்களைப் பொலிசில் கொடுக்கமாட்டார்கள், பின்படிக்கட்டால் கொண்டுபோவார்கள் என்று எனக்குத் தெரியும். சிவமணிக்குத் தெரியாது. சொன்னால் வரமாட்டார் என்று நினைத்தேன்.

முதல் அரை மணித்தியாலம் படுமோசம். கடதாசி போட்ட பெண்ணின் கை பறந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. முந்நூற்றிநாலில் ஒன்பது பெரிய கடதாசி. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒன்பது விழும்போதெல்லாம் ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்தேன். இந்த எண்ணிக்கையில் ஒன்பதுக்கு மதிப்பே இல்லை. தொகை தாறுமாறாகி, நல்ல சமயங்களில் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டதில் சிவமணியின் பணத்தில் நூற்றிருபது டொலர் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்று தலையசைத்தார். பிறகுதான் பிழை பிடிபட்டது.

அதன்பின் வென்றோம். பணத்துக்குப் பதிலாகத் தரும் வில்லைகள் ஒருவர் முன்னால் குவிந்தால் கண்ணில் படும் என்று, இடையிடையே அவர் கழிவறையில் வைத்து என்னிடம் தந்துவிடுவார். நாலரை மணிக்கு என் கோட்டுப் பைகளில் இரண்டாயிரத்து எழுநூறு டொலருக்கான வில்லைகள் இருந்தன. அவருடைய தொளாயிரத்தைக் கழித்தாலும், என்னிடம் இருந்த எழுநூறோடு சேர்த்தால் அக்காவின் டிக்கெட்டுக்குப் போதும்.

அப்போது மண்நிறக் கோட்டுப் போட்ட ஒருவன் என் தோளருகே குனிந்தான். அந்தக் கறுவல் உன்னுடைய ஆளா என்று மெதுவாகக் கேட்டான். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே நிறம். வெறும் 'இல்லை'யை அவன் நம்புவதற்கில்லை. ஆகவே, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அவன் கடதாசி எண்ணுகிறான் போலிருக்கிறது என்றும் சொன்னேன். அவன் எனக்கு நன்றி சொன்னான்.

நான் வில்லைகளை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அவர் வரவில்லை. அடுத்த நாள் காலை பின்சந்தில் கண்டெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்து இறந்துபோனார். இரண்டு நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒருவேளை பேசினால் யாராவது தமிழ் தெரிந்தவர் அருகில் இருக்கவேண்டுமல்லவா?

அக்காவும் பிள்ளைகளும் வைகாசி இருபத்தாறில் வந்து இறங்கினார்கள். மூத்தவள் இப்போது வகுப்பில் கணக்கில் முதலாவது. சிவமணியின் அறையில்தான் மூவரும் படுக்கிறார்கள். அவருடைய தொளாயிரத்தைச் சதம் குறையாமல் ஆனியில் உங்களுக்கு அனுப்பினேன். கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள்.

இனி உங்கள் கேள்வி. அவர் பேராசைக்காரர் இல்லை. பொலிசுக்கு நான் சொன்னது பொய். நான் எழும்பினால் அவரும் கூடவே எழும்புவார், கூட்டாளியை விட்டு இருக்கத் தெரியாத மனிதர். இரண்டு பேரும் சேர்ந்து வாசலுக்குப் போனால் மண்நிறக் கோட்டுக்காரனுக்கு எல்லாம் விளங்கிவிடும். இரண்டு பேர் அகப்பட்டால் அக்காவுக்கு டிக்கெட் இல்லை. ஒருவர் அகப்பட்டால் உண்டு. மணிக்கூட்டின் சாவியில் என் விரல் இருந்தது. அதை விட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வடிவாகத் துடைத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டு, கையில் இருந்த எல்லாவற்றையும் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, கதிரையை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்தார். அப்போது தொகை கழித்தல் ஏழு. அதில் சந்தேகமே வேண்டாம், ரஞ்சினி. ஒன்பதைத் திருத்திய பிறகு அன்று நான் ஒரு கடதாசியைக்கூடப் பிழையாக எண்ணவில்லை.