மணப்பாட்டாள்

விளாத்திகுளத்தில் பஸ் ஏறிய ஓர் அம்மாவிடம் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பிறந்த ஊர் மணப்பாடு என்று அந்த அம்மா சொன்னதுதான் தாமதம், பெரியவர் ஆரம்பித்துவிட்டார்.

"அது பறங்கி வச்ச பேரும்மா. கப்பல் ஒடஞ்சு கரையேறுன கப்பித்தான் வச்சது."

"மணலும் அவன் கப்பல்லயா வந்திச்சு? மணல் கெடந்த எடம், மணப்பாடு. அவன் வருததுக்கு முந்தியே எங்க ஆளுக அங்கன வல வீசுனாவ."

"பறங்கி வச்சதுன்னுதான் எங்க பெரியவிய சொல்லுதாவ."

"யாரு வச்சா என்ன, அண்ணாச்சி. இந்தக் கரிசக்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலருந்து எனக்கும் அதான் பேரு. வீட்டுக்காரவிய, மாமியா, கொழுந்தன் எல்லாரும் மணப்பாட்டாள்னுதான் கூப்பிடுவாவ. ஒவ்வொருத்தரா போய்ச் சேந்துட்டாவ. இப்ப அப்படிக் கூப்பிட ஆளில்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பருத்திக்காடு, ஆளே இல்லை.

கோவில்பட்டிக்கு முந்தின ஒரு விலக்கில் அந்த அம்மா இறங்கினார். அவர் கொண்டுவந்த கூடை சீட்டிலேயே இருந்தது. "யம்மா, கூடை!" என்று கண்டக்டர் கத்தினார். இன்னும் நாலு பேர் கத்தினார்கள். அந்த அம்மா தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பெரியவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏ, மணப்பாட்டாளே!"

"இந்தா வாரேன், வாரேன்" என்று திரும்பி ஓடி வந்தார். கூடைக்காக ஓடி வந்த மாதிரி இல்லை.