ஊறவைத்த கடலை

– அந்தக் கரண்டியைக் கீழ வைங்க. உங்ககிட்டதான் பேசிட்டு இருக்கேன்.

– பேசு கண்ணு, யார் வேணாம்னா? கைதானே வேலை பாக்குது, காது சும்மாதானே இருக்கு. கஞ்சி அடிபிடிச்சா மேனேஜர் என்னைத்தான் வறுத்தெடுப்பார்.

– காலையில வந்த மனித உரிமைக் கமிஷன்காரங்க என்ன சொல்லிட்டுப் போனாங்க தெரியுமா?

– நான் அடுப்படியே கதின்னு கிடக்கிறவ. எனக்கென்ன தெரியும்?

– காப்பகம்னா இப்படித்தான் இருக்கணுமாம். வக்கீலம்மா முகத்தை என்னால ஏறெடுத்துப் பாக்க முடியல. பொம்பளைங்களைக் கட்டில்ல கட்டிப் போடுறாங்கன்னு நான் சொன்னதை நம்பித்தானே அவங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. வந்து பாத்தா ஒரு கட்டில்லயும் கட்டுற துணி இல்ல. எல்லாருக்கும் துவைச்ச உடுப்பு, வாரின தலை, புதுப் போர்வை. வார்டுல தினம் பெட்ஷீட் மாத்துற நானே அந்தப் போர்வைங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்.

– போகட்டும் விடு. ஒரு நாளாவது நல்லா இருந்தாங்களே, அதுங்க.

– அதுங்க இல்ல, அவங்க. புத்தி கலங்கிட்டா மனுஷி இல்லன்னு ஆயிடுமா? தண்ணி கேட்டுக் கத்துறவளைச் சத்தம் போடாதன்னு கட்டி வைக்கிறாங்க. படுத்த இடத்துலயே ஈரமாகிக் கிடக்கிறாங்க. அதைப் பொறுக்க முடியாமத்தான் போய்ச் சொன்னேன்.

– வேலைக்கு வந்தோமா, போனோமான்னு இல்லாம, உன்னை யாருடி ஊர் வம்பை விலைக்கு வாங்கச் சொன்னது?

– கையில கட்டுன தழும்பு இருக்கிறவங்க யாரையும் வார்டுல காணோம். விடியறதுக்கு முன்னாடியே வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்களாம். எங்கன்னு வாட்ச்மேனுக்கே தெரியல.

– ஆஸ்பத்திரிக்கா இருக்கும்.

– யாரோ முன்னாடியே போட்டுக் கொடுத்திருக்காங்க.

– வேற யாரு, அந்த வாட்ச்மேன்தான். அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

– அவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே பின்வாசல் வழியா வரச் சொன்னோம். பின்வாசல் சாவி உங்ககிட்ட இருக்கு. அதனால உங்ககிட்ட மட்டும்தான் நேத்து மத்தியானம் சொன்னேன்.

– நானும் திறந்துதானே விட்டேன்? அவங்க தட்டினதும் ஓடிப் போய்த் திறந்தேனா இல்லையா, நீயே சொல்லு.

– திறந்தீங்க. உள்ள வந்தா எல்லார் தட்டுலயும் கொண்டைக்கடலை. இந்த வார்டு கஞ்சியைத் தவிர வேற என்னத்தைக் கண்டுச்சு? கமிஷன்காரர் ஒருத்தர் ரெண்டு எடுத்து வாயில போட்டுப் பாத்தார். பஞ்சு மாதிரி வெந்திருக்குன்னு பாராட்டினார்.

– கைப்பக்குவம்டி அது.

– கடலையை எப்ப ஊறப் போட்டீங்க?

– அது... காலையில வந்ததும்...

– முந்தின நாளே ஊறப் போடலன்னா எவ்வளவு நேரம் வேக வச்சாலும் கல்லு மாதிரி கிடக்கும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். அப்ப நேத்து சாயங்காலமே மேனேஜர் ஸ்டோர் ரூமைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கார். ஏன் கொடுத்தார்?

– இன்னைக்கு நீ ஒரு தடவைகூட என்னை அக்கான்னு கூப்பிடல.

– கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

– ஆமா, நான்தான் சொன்னேன். போதுமா? உன் மனசு குளிர்ந்துச்சா?

– கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே. என் தட்டுல சோறு போட்ட கைன்னு நம்பினேன். வயிறு எரியுது எனக்கு.

– எரியட்டும். உனக்கென்ன, நியாயம் பேசிட்டு நாளைக்கு வேற வேலைக்குப் போயிடுவ. இந்தக் காப்பகத்தை இழுத்து மூடிட்டா என் தங்கச்சியை நான் எங்கடி கொண்டு போய் வைப்பேன்? அவ நிழல்கூட வாசப்படியில விழக் கூடாதுங்கிறான் என் புருஷன். அவளுக்கு என்னை விட்டா நாதி உண்டா?

– மேனேஜர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?

– நீ சொன்னதைத்தான். கமிஷன் வருது, யாரோ ஒருத்தி கைத்தழும்பைக் காட்டப் போறான்னு. யாருன்னு நீயும் சொல்லல, நானும் கேக்கல. எவளோ ஒருத்திதானேன்னு நினைச்சேன். அவர் என் கையைப் பிடிச்சிட்டு, உன் தங்கச்சிக்கு மாடியில தனி ரூம் தர்றேன்னார். காத்து வருமாம், ஜன்னல் இருக்காம். பாவம்டி அவ. இந்தப் புழுக்கத்துலயும் அந்த முழுக்கைச் சட்டையைக் கழட்ட மாட்டேங்கிறா. வேர்வையில குளிக்கிறா.

– ஏன்னு கேட்டீங்களா?

– கேட்டா சிரிக்கிறா. சின்ன வயசுல இருந்தே அவளுக்குக் கூச்சம். நல்லவேளை, இங்க அவளை யாரும் கட்டுறதில்ல. என் முகத்துக்காக விட்டு வச்சிருக்காங்க.

– மாடியில போய்ப் பாத்தீங்களா?

– காலையிலேயே மாத்திட்டாங்களாம். சமையல் முடிச்சிட்டு வந்து பாருன்னார்.

– நான் இப்ப மாடியைக் கூட்டிட்டுத்தான் இறங்கி வர்றேன். உடைஞ்ச கட்டிலும் பெயிண்ட் டப்பாவும்தான் கிடக்கு.

– அது வேற ரூமா இருக்கும்.

– மாடியில இருக்கிறதே அந்த ஒரு ரூம்தான்.

– அப்ப அவ எங்க? ஏய், என்னைப் பாத்துச் சொல்லு. எங்க என் தங்கச்சி?

– அடுப்பை அணைச்சிட்டு உக்காருங்க. தெரிஞ்சா நீங்க சோறு தண்ணி இல்லாம அழுவீங்கன்னு, உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டா. கமிஷன்காரங்க முன்னாடி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுறேன்னு சொன்ன அந்த ஒருத்தி, உங்க தங்கச்சிதான் அக்கா.